ஒரு விமானம், இரண்டு கேப்டன்கள்

மழை நாளில் பிரிண்ட் கடைக்குள் உட்கார்ந்திருப்பது மேகத்துக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரிதான். கண்ணாடிக்கு வெளியே தெரு கரைந்துபோயிருந்தது. எதிர்க்கடையின் பெயர்ப்பலகை வெறும் சிவப்புக் கறையாக மிதந்தது. குடைகள் வந்தன, போயின, குடைக்குக் கீழே ஆட்கள் இருந்தார்களா என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. உள்ளே பெரிய பிரிண்டர் ஒன்று முனகிக்கொண்டே தாள் தாளாகத் துப்பியது.

குருவி முக்காலியில் உட்கார்ந்து அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருவி அவளுடைய பெயர் இல்லை, விமானத்தளத்தில் வைத்த பெயர். சீட்டில் தலையணை போட்டால்தான் அவளுக்கு முன்கண்ணாடி தெரியும். அதைப் பார்த்த மெக்கானிக் ஒருவர் வாய் தவறிக் கூப்பிடப்போய், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

கடை அவள் நாத்தனாருடையது. பிரிண்ட், பைண்டிங், லேமினேஷன் என்று மூன்று மிஷினையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறவள். பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. அதிலும் அண்ணனைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டாம். கடைக்கு ஃபோட்டோ எடுக்க வருகிறவர்களிடம்கூட, "எங்கண்ணா பைலட்டு. பயம்னா என்னன்னே தெரியாது" என்று சொல்லித்தான் மிச்சச் சில்லறையைக் கொடுப்பாள்.

அந்த அண்ணன்தான் குருவியின் கணவன். தீவுகளுக்குத் தபாலும் நோயாளிகளும் கொண்டுபோகிற ஒரு சின்ன விமானக் கம்பெனியில் கேப்டன். அதே கம்பெனியில் இப்போது இன்னொரு கேப்டன் வேண்டுமாம். குருவி விண்ணப்பித்திருந்தாள். அவள் செல்போன் லாக்புக்கில் இத்தனை வருடமாக எழுதிவைத்த ஒவ்வொரு பறப்பும் தாளில் அச்சாகி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தோடு, இன்று சாயங்காலத்துக்குள் கம்பெனி மேசைக்குப் போயாக வேண்டும். கேப்டனாக ஓட்டிய மணிக்கு அங்கே ஒரு வரம்பு உண்டு. அவள் அந்த வரம்பை ஒரு மயிரிழையில் தாண்டியிருந்தாள். குறைந்தால் போய் ஓட்டிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், இன்றைய வானத்தில் காக்காய்கூடப் பறக்காது.

விஷயத்தைக் கேட்ட கணவர், "அப்படியே என்னுதையும் அடிச்சு வைக்கச் சொல்லு. லைசென்ஸ் புதுப்பிக்கணும்" என்று தன் லாக்புக்கையும் தங்கைக்கு அனுப்பிவிட்டார். இரண்டும் போய்ச் சேருகிற மேசை ஒன்றுதான். அங்கே உட்கார்ந்திருக்கிற தலைமை கேப்டனுக்குச் சல்லடை என்று பெயர். எந்தத் தாளையும் சலிக்காமல் விடமாட்டார்.

நாத்தனார் அடித்த தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். குருவி மேலே இருந்த ஒரு தாளை எடுத்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. தேதி, விமான எண், எங்கிருந்து, எங்கே, எவ்வளவு நேரம், கேப்டன் யார். அவ்வளவுதான் ஒரு வரி. ஆனால் அவளுக்கு ஒவ்வொரு வரியும் ஜன்னல் திறப்பதுபோல் திறந்துகொண்டது. இந்த வரியில் கடல் முழுக்க வெள்ளி உருகிக் கிடந்தது. இந்த வரியில் கீழே ஒரு ரயில் அவர்களோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடி, ஒரு மலைக்குள் நுழைந்து, வெளியே வரவே இல்லை. இந்த வரியில் கணவர் வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டை முனகினார், மைக் திறந்திருந்ததால் விமானத்தளமே கேட்டது.

படித்துக்கொண்டே போனவளுக்கு ஏதோ இடித்தது. போகிற வரி அவருடையது, வருகிற வரி இவளுடையது. அடுத்ததும் அப்படியே.

"என்னடி இது, ரெண்டும் கலந்து கிடக்கு?"

"ஒரே வீட்டுக் கணக்குதானேன்னு தேதிவாரியா அடுக்கிட்டேன், அண்ணி. ஏன், தனித்தனியா வேணுமா?"

குருவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சிரிப்பும் வந்தது. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் விடுமுறை நாள்களில் இருவருமாகச் சேர்ந்து ஒரு குட்டி விமானத்தை வாடகைக்கு எடுப்பார்கள். யார் கேப்டன் என்று சண்டை வரக்கூடாது என்பதற்காக ஒரு ஏற்பாடு: போகும்போது ஒருவர் கேப்டன், வரும்போது மற்றவர். அடுத்த முறை மாற்றி. அவரவர் கேப்டனாக இருந்ததை மட்டும் அவரவர் லாக்புக்கில் எழுதுவது. நாத்தனாரின் புண்ணியத்தில் இப்போது இரண்டு புத்தகமும் ஒன்றாகக் கோத்துக்கொண்டு, போவதும் வருவதுமாக, அவர்கள் வாழ்க்கையே அங்கே வரிசையாகக் கிடந்தது. கலைக்க மனசு வரவில்லை.

"அண்ணி, இங்க பாருங்களேன்." நாத்தனார் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "அதே தேதி, அதே விமானம், அதே நேரம். இதுல அண்ணா கேப்டன், இதுல நீங்க கேப்டன். ஒரு விமானத்துக்கு ரெண்டு கேப்டன் உண்டா?"

எந்த நாள் என்று குருவிக்குத் தெரிந்துவிட்டது. தேதியைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"கம்ப்யூட்டர் ஏதாவது குழப்பியிருக்கும்" என்றாள்.

அன்று அவர்கள் கடலோர ஊர் ஒன்றிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவருடைய முறை. சாப்பிட்ட மயக்கத்தில் குருவி பாதித் தூக்கத்தில் இருந்தாள். கண் திறந்தபோது உலகம் காணாமல் போயிருந்தது. மேலே வெள்ளை, கீழே வெள்ளை, இறக்கையின் நுனிகூட வெள்ளைக்குள் போய்விட்டது. அழகாகத்தான் இருந்தது. பாலுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல், சத்தமே இல்லாமல். அப்புறம்தான் கணவன் வலப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்தாள். மேகத்துக்குள் உடம்பு பொய் சொல்லும். நேராகப் போகிற விமானம் இடப்பக்கம் திரும்புவதாகச் சொல்லும். கருவியின் முள்ளை நம்பு, உடம்பை நம்பாதே என்று முதல் பாடத்திலேயே சொல்லித்தருவார்கள். அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் கை, தப்பே இல்லாத ஒன்றைத் திருத்த வலப்பக்கம் திருப்பிக்கொண்டே போனது. காற்றின் சத்தம் ஏறியது. உயரம் காட்டும் முள் கடகடவென்று இறங்கியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. திடீரென்று இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

குருவி பிடித்துக்கொண்டாள். இறக்கையை நேராக்கி, தரையில் இருப்பவர்களோடு ரேடியோவில் பேசி, ஊருக்குப் போவதில்லை, பக்கத்துத் தளத்தில் இறங்குகிறோம் என்று முடிவுசெய்து இறக்கியதும் அவள்தான். இறங்கியதும் அவர் விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டினார். "இங்க டீ நல்லா இருக்குமா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

அன்றிரவே சோபாவின் ஒரு மூலையில் அவரும் மறுமூலையில் இவளும் உட்கார்ந்து அவரவர் செல்போனில் எழுதினார்கள். முறை அவருடையது என்பதால் அவர் தன்னைக் கேப்டன் என்று எழுதினார். காப்பாற்றியது தான் என்பதால் இவள் தன்னைக் கேப்டன் என்று எழுதினாள். எட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இருவருமே பார்க்கவில்லை.

அதன்பிறகு அவர் எத்தனையோ மேகத்துக்குள் போய் வந்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாளைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்ததே இல்லை. அதுதான் குருவிக்கு உள்ளுக்குள் முள்ளாக நின்றது. அவர் பயந்ததில் அவளுக்குக் கோபம் இல்லை. டீயைப் பற்றிக் கேட்டாரே, அதில்தான் கோபம்.

அவள் கடை லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சல்லடை இந்த இரண்டு வரியையும் பார்த்தால் முதலில் கேட்பது, யார் பொய் சொன்னது என்றுதான். தன் லாக்புக்கில் அந்த நாளின் வரியைத் தேடி எடுத்தாள். பழைய வரி என்பதால் பூட்டியிருந்தது. திறக்க வேண்டுமானால், மாற்றுவதற்கான காரணத்தை எழுத வேண்டும், எழுதிய காரணமும் சேர்ந்தே அச்சாகும் என்றது திரை. 'ஞாபகப் பிழை' என்று தட்டினாள். கேப்டன் என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தாள். ஓரத்தில் இருந்த மொத்தக் கூட்டல் சட்டென்று வரம்புக்குக் கீழே இறங்கிச் சிவப்பானது. அந்தச் சிவப்பை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தீவுகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் அமிழ்ந்துபோவதுபோல் இருந்தது. அழுகை வந்தது. வந்ததே என்று எரிச்சலும் வந்தது.

கதவு திறந்து மழைச் சத்தம் உள்ளே வந்தது. கூடவே கணவனும்.

"முடிஞ்சுதா? மழை விடாது போல, கார்லயே போயிடலாம்."

"நல்ல நேரத்துல வந்தீங்கண்ணா" என்றாள் நாத்தனார். "இங்க ஒரு பஞ்சாயத்து. இந்த ஒரு நாள்ல ரெண்டு பேருமே கேப்டன்னு இருக்கு. கம்ப்யூட்டர் தப்புன்னு அண்ணி சொல்றாங்க. யாரு ஓட்டினது?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். தேதியைப் படித்தார். குடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு... என் முறை" என்றார்.

"அதானே பார்த்தேன்! பிரச்சினை தீர்ந்துச்சு. அண்ணி, உங்களுத மாத்திடுங்க."

"மாத்திட்டேன்" என்றாள் குருவி. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "சேமிக்கறதுதான் பாக்கி."

அவர் அவள் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். சிவப்புக் கூட்டலைப் பார்த்தார். 'ஞாபகப் பிழை'யைப் பார்த்தார்.

"இதை எடுத்தா உனக்கு மணி பத்தாதே."

"பத்தாது."

"அப்ப வேலை?"

"போகுது. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

"தெரிஞ்சுமா எடுக்கறே?"

குருவி திரும்பவில்லை. "வேற என்ன பண்ணச் சொல்றீங்க? இல்ல, என்ன பண்ணச் சொல்றீங்க? இத்தனை வருஷமா நான் யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? உங்க தங்கச்சி கடைக்கு வர்றவங்க கிட்டயெல்லாம் அண்ணனுக்குப் பயமே கிடையாதுன்னு சொல்லிட்டிருக்கா. நான் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டிருக்கேன்."

பிரிண்டர் கடைசித் தாளையும் தள்ளிவிட்டு ஓய்ந்தது. நாத்தனார் அண்ணன் முகத்தையும் அண்ணி முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவ தப்பா எழுதல" என்றார் அவர் தங்கையிடம். "மேகத்துக்குள்ள எனக்கு எது மேலே எது கீழேன்னே தெரியல. ரெண்டு கையையும் விட்டுட்டேன். பிடிச்சுக்கோன்னு சொல்லக்கூட வாய் வரல. இவதான் இறக்கினா."

"நீங்களா அண்ணா?"

"நான்தான்."

குருவி இப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள். "நீங்க பயந்தது எனக்கு ஒண்ணுமே இல்லைங்க. யாரா இருந்தாலும் பயப்படுவாங்க. ஆனா டீ நல்லா இருக்குமான்னு கேட்டீங்க பாருங்க..."

"வேற எதைக் கேட்டாலும் அழுதிருப்பேன்" என்றார்.

அவள் செய்த மாற்றத்தை அவரே கைநீட்டி ரத்து செய்தார். சிவப்பு மறைந்தது. பிறகு தன் லாக்புக்கைத் திறந்தார். அந்த வரி அவருக்கும் பூட்டியே இருந்தது. காரணம் கேட்டது.

குருவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "கொஞ்சம் இருங்க. நீங்க எழுதறதும் சேர்ந்துதான் அச்சாகும். சல்லடை படிப்பாரு. உங்களைத் திரும்பச் சோதனைக்கு அனுப்புவாரு. அதுவரைக்கும் பறக்க விடாம உட்கார வச்சிடுவாரு."

"உட்கார வைக்கட்டும்."

"கம்பெனி பூரா பேசும்."

"பேசட்டும். நீ பேசாம இருந்ததைவிடவா?"

அவர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித்தேடித் தட்டினார். வெளியே மழை கொஞ்சம் வெளுத்திருந்தது. எதிர்க்கடையின் சிவப்புக் கறையிலிருந்து எழுத்துகள் மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தன. குருவி அவர் விரலைப் பார்க்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிடித்திருந்த மணிக்கட்டை மட்டும் விடவில்லை. அதனால் அவர் ஒரு கையால்தான் தட்ட வேண்டியிருந்தது. அவரும் விடச் சொல்லவில்லை.

பிறகு கேப்டன் என்ற இடத்தில் இருந்த தன் டிக்கை எடுத்தார். "முடிஞ்சுது. அடிச்சிடு" என்றார் தங்கையிடம்.

நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தாள். கடை வழக்கப்படி, அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள்.

"மேகத்துக்குள் நான் பயந்துவிட்டேன். அதன்பின் விமானம் என் மனைவியின் கையில் இருந்தது." அவள் நிறுத்தினாள். "அண்ணா, இதுக்குக் கீழ தனியா 'நானும்'னு ஒரு வார்த்தை இருக்கே. கம்பெனிக்குப் போற தாளு. இதையும் சேர்த்தா அடிக்கணும்?"

"அதையும் சேர்த்துத்தான்" என்றார் அவர்.