ஆடுகிற படி

...தேநீரில் மண்ணெண்ணெய் வாடை அடித்ததாலா இப்படிக் குமட்டுகிறது, இல்லை, அது தினமும் அடிப்பதுதான், ஒரே கூடாரத்தில் எல்லாரும் காயப்போடும் காலுறைகளின் நாற்றமே மூக்குக்குப் பழகிவிட்டது, இது வேறு, அடிவயிற்றிலிருந்து வருகிறது, அத்தான் வைத்த அந்தப் படிக்கல்லைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது. அந்தக் கல்லுக்கு நாலு படி மேலே கடப்பாரையை ஊன்றி அவள் மூச்சு வாங்கினாள், இந்த உயரத்தில் காற்றுக்கும் பஞ்சம். அக்காவின் வீட்டுக்காரர்தான் இந்த மலைப்பாதைக்கு மேஸ்திரி, இவளை வேலைக்குக் கூட்டி வந்த புண்ணியவான், கல்லை வைத்தவரே அதன்மேல் ஏறிக் குதிக்க வேண்டும், ஆடினால் பெயர்த்தெடுத்துக் குழியை ஆழமாக்கி மறுபடி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த மகராசனும் அவரேதான்... நேற்று என்ன செய்தார்? மழை இருட்டிக்கொண்டு வந்தது, அடியில் சில்லுக்கற்களைத் திணித்தார், மேலே மண்ணைப் பூசினார், குதிக்கவில்லை, காறித் துப்பிவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை.

காலையில் இவள் மிதித்தாள், பாதையின் முழு அகலத்துக்கும் கிடந்த கல் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள ஒரு செடிகூடக் கிடையாது. "அத்தான், அந்தக் கல்லு ஆடுது." "உத்துப் பாத்தா மலையே ஆடும்மா, போய் வேலையைப் பாரு." எல்லாரும் சிரித்தார்கள், பல் தேய்க்காத வாய்கள், சீ... தானே பெயர்த்துப் போட்டால்? ஒற்றை ஆளாய் மறுபடி வைக்க முடியுமா, அக்காவிடம் சேதி போகும், உனக்கு மட்டும்தான் கண்ணு இருக்கான்னு அவள் ஆரம்பிப்பாள், அடுத்த பாதைக்கு இவளைக் கூப்பிடவும் மாட்டார்கள். ஆனால் இன்று கழுதைக்காரர் சுமையோடு வருவாரே, மனுஷன் எப்போதும் பள்ளத்து ஓரமாய்த்தான் நடப்பார், கழுதைகளை மலைச்சுவரோரம் விட்டுவிட்டு.

சமையல்காரர் தண்ணீர்க் கேனோடு ஏறி வந்தார், அந்தக் கல் வந்ததும் காலை உயரத் தூக்கித் தாண்டினார். பின்னால் நெட்டையன், அவனும் தாண்டினான். அப்புறம் அத்தானே சீட்டியடித்துக்கொண்டு வந்தார், கீழே பார்க்கக்கூட இல்லை, கால் தானாக எட்டிப் போட்டது. அட, அப்படியென்றால் எல்லாருக்கும் தெரியும்! தெரிந்தேதான் சிரித்தார்களா, த்தூ, என்ன ஜென்மங்கள், இவர்களோடா ஒரே பாத்திரத்தில் தின்றேன் என்று உடம்பே கூசியது அவளுக்கு.

கீழே வளைவில் கழுதைகளின் மணிச்சத்தம். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், மூச்சு முட்டியது, கழுதைக்காரரின் தலைப்பாகை தெரிந்ததும் நின்று, "அண்ணே, பாத்து வாங்க, மேல ஒரு கல்லு ஆடுது, அதை மட்டும் தாண்டி வந்துடுங்க" என்று கத்தினாள். அவர் சரி என்று கையை ஆட்டினார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள், அந்தக் கல் அவளுக்கு மேலே இருந்தது, அதன் ஈர மண்ணில் காலையில் மிதித்த தடம் தவிர, இப்போது ஓடி வந்த செருப்பின் தடம் இல்லை. எப்போது தாண்டினேன்... அவருக்குச் சொல்லியாயிற்று, சரி, கழுதைகளுக்கு யார் சொல்வது?