மலர்விழியின் முறை

காலை எட்டு மணிக்குக் கொளஞ்சிநாதன் கடையின் ஷட்டரைத் தூக்கியபோது வாசலில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர்தான் புகைந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கட்ட வந்தவர்கள். மற்ற ஐந்து பேரும் கொளஞ்சிநாதனையே தேடி வந்தவர்கள். ஒருவருக்கு பென்ஷன் மனு எழுதித் தரவேண்டும். ஒருவருக்குப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் தெரிந்த ஆள் வேண்டும். மகளின் ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்டு ஒரு அம்மா விடிவதற்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள்.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் 'மலர் ரீவைண்டிங் ஒர்க்ஸ்' என்று கேட்டால் சிலருக்குத்தான் தெரியும். 'கண் கேம்ப் கொளஞ்சி' என்று கேட்டால் எல்லோரும் வழி சொல்வார்கள். 'தானே' புயலில் ஊரே இருண்டு கிடந்த நாட்களில், கூலி வாங்காமல் தெருத்தெருவாகப் போய் நனைந்த மோட்டார்களைச் சரிசெய்து கொடுத்தான். அப்போது பிடித்த பழக்கம் அவனை விடவில்லை. பிறகு ரத்ததானம், அதன் பிறகு இலவசக் கண் பரிசோதனை முகாம். கூட்டத்தில் மைக் பிடித்தால் அவன் குரல் கணீரென்று இருக்கும்.

"அண்ணே, நேத்து வந்த பெரிய மோட்டாரு பழைய காயில் கம்பியிலயே தாங்குமா, புதுசா கட்டணுமான்னு நீங்க பாத்து சொல்லவே இல்லியே" என்றான் சுதாகர். கடையில் வேலை செய்யும் நான்கு பேரில் மூத்தவன் அவன்.

"அண்ணிகிட்ட கேட்டுக்க சுதாகரு. தோ, இவங்களுக்கு ரத்தத்துக்கு ஏற்பாடு பண்ணிட்டு வந்துடறேன்."

'தோ' என்று போனவன் திரும்பி வர மத்தியானம் மூன்று மணி ஆகும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் கடையை நடத்தியது மலர்விழி. திருவதிகையிலிருந்து கல்யாணமாகி வந்தபோது செம்புக் கம்பியின் தடிமன்கூட அவளுக்குத் தெரியாது. பத்தொன்பது வருடங்களில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்த முனையை எதோடு சேர்ப்பது என்பதெல்லாம் அவள் கையில் இருந்தது. வேலைக்காரர்களின் வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைப்பதும், லீவு கொடுப்பதும், கோபித்துக்கொண்டு போனவனைக் கூப்பிட்டு வருவதும் அவள்தான்.

போன வருடம் ஆனி மாதம், ஒரு சாயங்காலம் மகள் நந்தினி அப்பாவின் எதிரில் வந்து நின்றாள். அப்போது அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா கொஞ்ச நாளா எல்லாத்தையும் இடிச்சிகினே நடக்கறாங்க. இன்னிக்கு ரோட்ட தாண்டும்போது பக்கத்துல வந்த பைக்கையே பாக்கல. நான் இழுக்கலன்னா அவ்ளோதான். டாக்டர்கிட்ட காட்டணும்பா."

"ஞாயித்துக்கிழம வளையமாதேவியில நம்ம கேம்ப்புதான? டாக்டரே வர்றாங்க. அங்கயே காட்டிடுவோம்" என்றான் கொளஞ்சிநாதன். சொல்லும்போதே, எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலர்விழி நான்கு மணிக்கே எழுந்து நாற்பது பேருக்குச் சமைத்தாள். கடலூரிலிருந்து வரும் கண் மருத்துவர் அகிலாவுக்குப் பலாக்கொட்டை போட்ட கத்திரிக்காய்க் குழம்பு பிடிக்கும் என்று அதைத் தனியாக வைத்தாள். பள்ளிக்கூட வராந்தாவில் வரிசை நீண்டது. நூற்றறுபது பேரைப் பார்த்து முடித்தபோது மணி நாலரை. பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மலர்விழி கடைசி ஆளாக பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். டாக்டர் ஐந்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.

அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளடங்கிய ஊரிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள்.

கொளஞ்சிநாதன் ஓடி வந்தான். "மலரு, கொஞ்சம் எழுந்துக்க. இவங்க பாவம், ரொம்ப தூரத்துல இருந்து வந்துருக்காங்க. நீ நம்ம வூட்டு ஆளுதான, எப்ப வேணாலும் பாத்துக்கலாம்."

மலர்விழி எழுந்துகொண்டாள். நாலு பேரும் பரிசோதனை முடிந்து வந்து கொளஞ்சிநாதனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. அதற்குள் ஐந்து மணியாகி, டாக்டரும் வண்டியில் ஏறிவிட்டார்.

அந்த 'எப்ப வேணாலும்' பதினாலு மாதம் இழுத்தது. அடுத்த முகாமில் சமையலுக்கு ஆள் வராததால் அவள் அடுப்படியை விட்டு நகரவே முடியவில்லை. அதற்கடுத்த முகாமின்போது சுதாகர் லீவில் இருந்தான். அவள் கடையில் இருக்க வேண்டியதாயிற்று. ஒருமுறை நந்தினியே பக்கத்துச் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு கிளினிக்கில் பெயர் பதிந்து வைத்தாள். அன்று பார்த்து முகாம் நண்பர் ஒருவருக்கு விபத்து என்று போன் வந்தது. கொளஞ்சிநாதன் பாதி வழியில் அவர்களை இறக்கிவிட்டுப் போனான். கிளினிக்குக்கு நாம் மட்டும் போகலாம் என்று நந்தினி கையைப் பிடித்து இழுத்தபோது, "அவசரத்துக்குக் கட்டித் தரேன்னு மூணு மோட்டாருக்கு ஒத்துக்கினு இருக்கேன்டி. நான் போயிட்டா கடைய யாரு பாக்கறது?" என்று மலர்விழியே திரும்பிவிட்டாள். கண்ணில் வலியில்லை, சிவப்பில்லை. வலி இருந்திருந்தால் ஒருவேளை யாராவது பயந்திருப்பார்கள்.

இந்த வருடம் ஆவணியில் துரைராஜ் என்ற விவசாயி, கட்டி வாங்கிப் போன மோட்டாரை மினி ஆட்டோவில் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்.

"ரெண்டே நாளு. பொகஞ்சி போச்சு. நாத்தங்கால் வெடிச்சிகினு கெடக்குது. ஊருக்கெல்லாம் நல்லது செய்யிறியே கொளஞ்சி, எனக்கு ஒரு மோட்டார ஒழுங்கா கட்டிக் குடுக்க முடியலியா?"

கொளஞ்சிநாதன் அன்று அதிசயமாகக் கடையில் இருந்தான். மூடியைக் கழற்றிப் பார்த்தான். ஓரத்தில் இருந்த ஒரு இணைப்புக்கு உறை போடாமலே விட்டிருந்தது. அது உரசி, உள்ளே எல்லாம் கருகிப்போயிருந்தது. இணைப்பு வேலை மலர்விழியுடையது. துரைராஜ் எதிரில் தலைகுனிந்த ஆத்திரம் முழுவதும் அவள்மேல் திரும்பியது.

"இவ்ளோ பெரிய ஜாயிண்ட்டு தெரியல? கண்ண எங்க வச்சிகினு வேல செய்யிற நீ?"

கடை அப்படியே நின்றுபோயிற்று. கம்பிச்சுருள் சுற்றிக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் பொற்கொடி கம்பியைக் கீழே வைத்தாள்.

"எங்க, காட்டுங்க பாக்கலாம்" என்றாள் மலர்விழி மெதுவாக.

அவன் மோட்டாரை அவளுக்கு இடது பக்கமாக நகர்த்தினான். அவள் கையை நீட்டினாள். கை மோட்டாரின்மேல் படவில்லை. ஒரு முழம் தள்ளி, வெறும் பலகையைத் தடவிக்கொண்டிருந்தது. நேராகப் பார்த்தபடியே தடவிக்கொண்டிருந்தாள்.

கொளஞ்சிநாதன் தன் கையை அவள் முகத்துக்கு இடப்பக்கம் நீட்டி ஆட்டிப் பார்த்தான்.

சுதாகர்தான் பேசினான். "அண்ணிக்கு இடது பக்கம் ஒண்ணுமே தெரியறதில்லண்ணே. ஆறு மாசமா நாங்கதான் சாமான எடுத்துக் கையில குடுக்கறோம். செஞ்சி முடிச்சத பொற்கொடி ஒருவாட்டி பாத்துடும். அன்னிக்கு அவ லீவு. ஒங்ககிட்ட சொல்லலாம்னு மூணு தடவ வந்தேன். மூணு தடவையும் நீங்க போன்ல இருந்தீங்க."

மறுநாள் கடலூர் ஆஸ்பத்திரியில் அகிலா டாக்டர் வெகுநேரம் பரிசோதித்தார். இயந்திரத்துக்குள் புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டி, தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். மலர்விழி பொத்தானை அழுத்தியது மிகக் கொஞ்சம்தான். வெளியே வந்த தாளில் கறுப்பே அதிகம் இருந்தது.

"கண்ணுல நீர் அழுத்தம். ஓரத்துல இருந்து பார்வை கொறஞ்சுகிட்டே வரும். இடது கண்ணு முழுசா போயிடுச்சு. வலது கண்ணுல நடுவுல கொஞ்சம் மிச்சம் இருக்கு. சொட்டு மருந்து விட்டு, தேவைப்பட்டா ஆபரேஷனும் பண்ணி, அதைக் காப்பாத்தப் பாக்கலாம்" என்றார்.

"போனது திரும்ப வருமா மேடம்?" என்று கேட்டான் கொளஞ்சிநாதன்.

டாக்டர் அவனைப் பார்த்த பார்வையிலேயே அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எத்தனை முகாம்களில் அவனே மைக்கில் சொல்லியிருக்கிறான்! 'நீர் அழுத்தத்தால போன பார்வை திரும்பாது. அதனால முன்கூட்டியே வந்து பாருங்க.' ஆயிரம் பேருக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவன் அவன்.

"அன்னிக்கு வளையமாதேவியில பாத்துருந்தா?"

"பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாம்" என்ற அகிலா மலர்விழியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு முகாம்லயும் நீங்க போட்ட சாப்பாட்டத்தான் பாத்தேன். உங்கள நானும் பாக்கலம்மா."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மலர்விழி அழவில்லை. வடலூர் தாண்டியதும் ஒன்று மட்டும் கேட்டாள். "இன்னிக்குக் கடைய யாரு தொறந்தா?"

வீட்டில் நந்தினி வெடித்தாள். "ஊர்ல அத்தன பேருக்கும் கண்ணாடி போட்டு வுட்டீங்களே, அம்மாவ ஒரு அஞ்சி நிமிஷம் அந்த நாற்காலியில ஒக்கார வச்சீங்களாப்பா?"

"வுடு நந்தினி" என்றாள் மலர்விழி. "உங்கப்பா யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யல. அதனாலதான் என்னால யாருகிட்டயும் போயி கொறை சொல்லிக்கவும் முடியல."

அந்த வார்த்தை அவனைச் சுட்டது. முகாம் வேலையை நிறுத்தி, மலர்விழியை வீட்டில் இருக்கச் சொன்னான். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை கடையிலேயே உட்கார்ந்தான். ஆனால் அவன் கை வேலையை மறந்திருந்தது. சுற்று எண்ணிக்கையில் தப்பு வந்தது. நாலு பேரிடமும் எப்படிப் பேசி வேலை வாங்குவது என்றும் தெரியவில்லை. அதட்டினான், பிறகு கெஞ்சினான். சொன்ன நாளில் வேலை முடியாமல் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக விருத்தாசலம் பக்கம் போனார்கள்.

கார்த்திகையில் சுதாகர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக வந்து சொன்னான்.

"நான்தான் இப்ப முழு நேரமும் இருக்கனே சுதாகரு" என்றான் கொளஞ்சிநாதன்.

"நீங்க எங்கள நல்லாத்தாண்ணே வச்சிருந்தீங்க. ஆனா எங்களுக்கு ஒரு தல வேணும்னு பத்து வருசமா நீங்க நெனைக்கவே இல்ல. அண்ணி இருந்தாங்க, ஓடிச்சி."

அவன் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள். மிஞ்சியது பொற்கொடி மட்டும். சென்னையில் கிடைத்த கல்லூரி இடத்தை, பிளஸ் டூ முடித்ததுமே வேண்டாமென்று விட்டிருந்தாள் நந்தினி. சாயங்காலம் அம்மாவுக்குத் துணையாக வீட்டில் இருக்கவேண்டும் என்று கடலூரிலேயே சேர்ந்திருந்தாள். அப்பா கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். ஆபரேஷன் நடந்தது. வலது கண்ணில் மிஞ்சியிருந்ததும் மார்கழிக்குள் இன்னும் சுருங்கிப்போயிற்று. கணவன் முகத்தைப் பார்க்கவேண்டுமென்றால் மலர்விழி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பார்க்கமுடியும். நெற்றி தெரியும்போது வாய் தெரியாது.

தை மாதம் பொங்கல் கழிந்த வாரம், முகாம் குழுவின் செயலாளர் அறிவுச்செல்வன் வீட்டுக்கு வந்தான். இருபத்தெட்டு வயது. கொளஞ்சிநாதனைப் பார்த்துத்தான் சேவைக்கு வந்தவன். மந்தாரக்குப்பத்திலேயே சின்னதாக ஒரு பிரிண்டிங் கடை வைத்திருந்தான்.

"நீங்க இல்லாம ஒண்ணுமே நடக்க மாட்டுது. ஞாயித்துக்கிழம பெரிய கேம்ப்பு. தலைவரா நீங்க வந்து நின்னா போதும்ணே."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் போன் அடித்தது. துண்டித்தான். மறுபடி அடித்தது, மறுபடியும் துண்டித்தான்.

"யாரு தம்பி அது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் மலர்விழி.

"வூட்லதான் அண்ணி. கொழந்த பொறந்து இருவது நாளாவுது. நேத்துலேர்ந்து பால் சரியா குடிக்கல, தூங்கிகினே இருக்குது, ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு சொல்லிகினே இருக்கா. பந்தல்காரன பாத்துட்டு ராத்திரி கூட்டிகினு போலாம்னு..."

கொளஞ்சிநாதன் சட்டென்று எழுந்தான். அறிவுச்செல்வனின் தோளைப் பிடித்து எழுப்பினான்.

"இப்பவே போடா."

"இல்லண்ணே, கேம்ப்பு வேல..."

"போடான்னா! வூட்ல இருக்கறவங்களும் ஊருதான்டா. கடையில நம்மள நம்பி வேல செய்யிறவங்களும் ஊருதான். அவங்கள வுட்டுட்டு மத்தவங்களுக்குச் செய்யிறதுக்குப் பேரு சேவ இல்ல. நம்ம பேருக்காவ நாம செய்யிறது அது. எனக்கு இது புரியறப்ப எம் பொண்டாட்டிக்குக் கண்ணு இல்ல. போ. மொதல்ல கொழந்தைய தூக்கிகினு ஓடு."

அறிவுச்செல்வன் அரண்டுபோய் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு போனைக் காதில் வைத்து, "தோ வந்துகினே இருக்கேன், ரெடியா இரு" என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தான். வண்டி அவன் வீட்டுத் தெருப்பக்கம் திரும்பும்வரை கொளஞ்சிநாதன் வாசலில் நின்று பார்த்தான்.

உள்ளே வந்தான். ஒரு உயிரையாவது நேரத்துக்கு அனுப்பி வைத்தோம் என்று அவன் மனம் லேசாகியிருந்தது. மலர்விழி ஏதாவது சொல்வாள் என்று அவள் எதிரில் உட்கார்ந்தான். அவள் அவன் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, அந்தச் சின்ன வட்டத்துக்குள் அவனைத் தேடினாள்.

"நல்லாத்தான் சொன்னீங்க" என்றாள். "அதையும் அடுத்தவங்க வூட்டுக்குத்தான் சொன்னீங்க."