தனத்துக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாள்

குரும்பலூர் கலியம்மாள் வீட்டில் மருமகள் தனத்துக்குச் சோறு போடும் முறையே தனி. மாட்டுக் கொட்டகை வாசலில் ஒரு மண்சட்டியை வைத்துவிட்டுத் தனம் நாலு எட்டு தள்ளிப் போய் நிற்க வேண்டும். மாமியார் வந்து, அகப்பை சட்டியில் பட்டுவிடாமல் உயரத் தூக்கி, வரகுச் சோற்றைப் போடுவாள். மேலே குழம்பு விழும். சிந்தியது சிந்தியதுதான். கலியம்மாள் திரும்பிப் போன பிறகே தனம் வந்து சட்டியை எடுக்கலாம்.

அதையெல்லாம் தனம் பொறுத்துக்கொண்டாள். நாலு வயது மகள் சாந்தா அடுக்களை வாசலில் நின்று, "அம்மா, நான் வரட்டா?" என்று கேட்பதும், உள்ளேயிருந்து ஒரு கை அவளை இழுத்துக்கொள்வதும்தான் பொறுக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தனத்தின் வலது கை இடது கைக்குப் போகும். காய்ந்த பொருக்கு ஒன்றை நகம் தேடிப் பிடித்து மெல்ல நெம்பும். ரத்தம் வந்த பிறகுதான், 'ஐயோ, மறுபடியுமா!' என்று அவளுக்கே தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் வேர்க்குருவைக் கிள்ளியதில் ஆரம்பித்தது. வைத்தியர் களிம்பு கொடுத்தார். ஒன்பது நாளில் புண் ஆறியது, பத்தாம் நாள் நகம் அதைக் கிளறிவிட்டது. வாலிகண்டபுரம் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார்கள். விரல் நுனியில் மிளகாய் அரைத்துப் பூசினார்கள். கையைத் துணியால் கட்டிப் போட்டார்கள். கட்டியிருக்கும்வரை ஆறும், அவிழ்த்தால் பழையபடி. "கையை எடுடி!" என்று கலியம்மாள் போட்ட சத்தத்தில் கொட்டகை மாடுகள்கூட மிரண்டன, தனத்தின் கை மட்டும் கேட்கவில்லை. கடைசியில், வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத எதிர்வீட்டு ரெங்கம்மாள், "இது பெருவியாதி மாதிரி இருக்கே" என்றாள். குஷ்டம் என்ற பயத்தில் அன்றைக்கே தனத்தின் பாய் கொட்டகைக்குப் போயிற்று. ஒரு வருஷமாக அங்கேதான்.

புருஷன் பஞ்சநாதன் கெட்டவன் இல்லை. அம்மா பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசத் தெரியாதவன், அவ்வளவுதான். திருமானூரிலிருக்கும் தனத்தின் தகப்பனார் உத்திராபதிக்குச் சொல்லியனுப்பிவிட்டார்கள். தை பிறந்ததும் வண்டி கட்டிக்கொண்டு வந்து மகளை அழைத்துப் போக வேண்டியது. பேத்தி இங்கேயே இருப்பாள். சாந்தாவைப் பிரியத் தனத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்தக் கார்த்திகையில்தான் அம்மை குத்துகிற ராசாங்கம் ஊருக்குள் வந்தார். அவர் தலையைக் கண்டதும் தாய்மார்கள் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைப்பது வழக்கம். கலியம்மாள் மட்டும் ஒளிக்கவில்லை. பஞ்சநாதனுக்குப் பன்னிரண்டு வயதில் பெரியம்மை வார்த்து, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. பேத்தியைத் தானே தூக்கி வந்து கையை நீட்டச் சொன்னாள்.

"வூட்ல வேற யாரும்மா இருக்கா?" என்று ராசாங்கம் கேட்டார்.

"எங்கம்மா கொட்டகையில இருக்கு" என்றாள் சாந்தா அழுகைக்கு நடுவில்.

"மருமவ. பெருவியாதிங்க. கிட்ட போவாதீங்க" என்றாள் கலியம்மாள்.

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"டாக்டர் எதுக்கு? எங்களுக்குக் கண்ணு இல்லையா?"

ராசாங்கம் நேரே கொட்டகைக்குப் போனார். தனத்தைக் கண்ணை மூடச் சொல்லி, புண்ணிலும் புண்ணைச் சுற்றியும் பஞ்சு நுனியால் தொட்டார். "எங்க தொடுறேன்னு சொல்லும்மா." ஓர் இடம் தப்பாமல் சொன்னாள் தனம்.

"பெருவியாதின்னா தோலு மரத்துப் போவும். இவங்களுக்குப் பஞ்சு பட்டதுகூடத் தெரியுது. எதுக்கும் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில காட்டிருங்க." பிறகு கலியம்மாளைப் பார்த்தார். "இந்தம்மா முதுகு நடுவுல புண்ணு இருக்கா?"

"அங்க இல்லீங்க."

"கை எட்டுற எடத்துல மட்டும் வர்ற வியாதி எதும்மா? நோய் தோலுல இல்ல. கை போற பழக்கத்துல இருக்கு. நீங்க மருந்தெல்லாம் தோலுக்குப் போட்டீங்க."

இத்தனை நாள் எல்லோரும் 'ஏன் பிய்க்கிறே' என்றுதான் கேட்டிருந்தார்கள். ராசாங்கம் வேறு கேட்டார்: "கை போறது தெரியுதாம்மா?"

"தெரியலீங்க. ரத்தம் வந்தப்புறந்தான்."

"எனக்கும் அப்படித்தான்." தன் கட்டைவிரலை நீட்டினார். நகத்தைச் சுற்றிலும் தோல் உரிந்து தழும்பேறிக் கிடந்தது. "பரீட்சைக்குப் படிக்கிற வயசுலேருந்து பிச்சுக்கிட்டிருக்கேன். இப்பத்தான் பாதிக்கு மேல கொறைஞ்சிருக்கு."

தனம் ஓவென்று அழுதுவிட்டாள். உலகத்தில் இப்படி ஒரு கை தனக்கு மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

தனக்குப் பலித்ததை அவர் சொன்னார். கை போவது தெரிந்தவுடன் ஒரு புளியங்கொட்டையைச் சிரட்டையில் போட வேண்டும். எந்த வேளையில், என்ன நினைப்பில் போகிறது என்று அதிலேயே பிடிபடும். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். பொருக்கு காய்ந்து உறுத்தாமல் எண்ணெய் தடவி, மேலே துணி சுற்ற வேண்டும். கை கிளம்பும்போது அதற்கு வேறு ஏதாவது கொடுக்க வேண்டும். "முக்கியமா, யாரும் வையக்கூடாது. பக்கத்துல உக்காந்து பதனமாச் சொல்லணும்."

கலியம்மாளுக்குச் சுருக்கென்றது. "இவளுக்கு என்ன ஆத்தாளா வார்த்திருக்கா? வேப்பங்கொத்தைக் கையில குடுத்து, பக்கத்துல உக்காந்து தடவிவிட?"

ராசாங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, அதைத்தான் நான் சொல்லத் தெரியாம சொல்லிக்கிட்டிருக்கேன். உங்க மவனுக்கு வார்த்தப்ப என்ன செஞ்சீங்களோ, அதைச் செய்யுங்க."

கலியம்மாளுக்கு அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. பஞ்சநாதனுக்கு அம்மை இறங்கும்வரை அவள் வீட்டில் தாளிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. அவன் சொறியக் கை தூக்கும்போதெல்லாம் வேப்பங்கொத்தை அதில் திணித்து, "நகம் படாம தடவிக்கடா சாமி" என்றவள் அவள்தானே!

பெரம்பலூர் டாக்டரும் பெருவியாதி இல்லை என்று சொன்னார். அன்று மாலையே தனத்தின் பாய் வீட்டுக்குள் வந்தது. "தை வரைக்கும் பாப்பேன். ஆறலைன்னா உங்கப்பாகூட அனுப்பிருவேன்" என்றாள் கலியம்மாள், வேப்பங்கொத்தைக் கையில் கொடுத்தபடியே. வாய் என்ன சொன்னாலும், அம்மைக்குச் செய்கிற பக்குவம் அவள் கைக்கு மறக்கவில்லை.

தோளிலிருக்கும் புண்ணுக்குத் தனத்தின் கை எழும்பும். உடனே கொத்து கைக்கு வரும். குளிர்ந்த இலை மேலே படும்போது நகத்தின் தினவு கொஞ்சம் அடங்கும். ஒரு கொட்டை சிரட்டையில் விழும். ஒருநாள் சிரட்டை நிறைந்து வழிந்தது.

"ஏண்டி, இன்னிக்கு என்ன இத்தனை?"

தனம் தயங்கினாள். "காலையில நீங்க வஞ்சீங்கல்ல அத்தை... அப்பவே பதினொண்ணு."

 மறுநாள் அந்தச் சிரட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு சிரட்டை இருந்தது. வாய் தவறி வையும்போதெல்லாம் மாமியார் அதில் ஒரு கொட்டை போட்டாள். முதல் இரண்டு நாள் யார் சிரட்டை முந்தியது என்று கேட்டால் அந்த வீட்டில் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

எட்டாம் நாள், சாந்தாவுக்கு அம்மை குத்தின இடம் பழுத்திருக்கிறதா என்று பார்க்க ராசாங்கம் வந்தார். இரண்டு சிரட்டையையும் பார்த்துச் சிரித்தார். தனம் அவர் கட்டைவிரலைப் பார்த்தாள். புதிதாய்ச் சிவந்திருந்தது.

"வழியில ஓடையில தண்ணி போவுது. எப்படித் தாண்டுறதுன்னு யோசனை. கை போயிடுச்சு" என்றார் அவர், வெட்கத்தோடு.

தனம் கொல்லைக்கு ஓடி ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து வந்து நீட்டினாள். "நீங்களும் ஒண்ணு வச்சுக்குங்கண்ணே." அதை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டபோது ராசாங்கத்தின் கண் கலங்கியது. அவர் விரலைப் பற்றி அவரிடம் அன்பாக யாரும் அதுவரை பேசியதில்லை போலிருக்கிறது.

மார்கழிக் கடைசியில் ஒரு சறுக்கல். கிணற்றடியில் ரெங்கம்மாள், "உங்கப்பா எப்ப வராரு?" என்று கேட்டுவிட்டாள். மத்தியானம் முழுக்கத் தனத்தின் கை நிற்கவில்லை. ஆறிய புண்ணில் ஏழெட்டு மறுபடி திறந்துகொண்டன. அவளே மண்சட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

"எங்கடி போறே?"

"ஆறலியே அத்தை."

"அம்மை எறங்கும்போது ரெண்டு முத்து புதுசாப் போட்டா, புள்ளைய வூட்டை விட்டா தொரத்துவோம்? வந்து உக்காரு" என்று கலியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். ஒரு வருஷமாகத் தொடாத கை. தனத்துக்கு அந்தப் பிடியை விட மனசே வரவில்லை.

தை பிறந்த மூன்றாம் நாள் உத்திராபதியின் வண்டி வாசலில் வந்து நின்றது. மகளை ஏற்றிப்போக வைக்கோல் பரப்பிக் கொண்டு வந்திருந்தார். இறங்கியவர் திகைத்து நின்றுவிட்டார். முற்றத்தில் வெயிலில் காய்ந்த அண்டாத் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் மிதந்தன. அம்மை இறங்கியவர்களுக்கு ஊற்றுகிற அதே தண்ணீரைக் கலியம்மாள் மருமகள் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு சாந்தாவும் நனைந்தாள்.

வண்டிச் சத்தம் கேட்டு வந்த ரெங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "கையில இன்னும் நாலு பொருக்கு இருக்கே. அதுக்குள்ள தண்ணி ஊத்துறியே?"

"இருக்கட்டும்டி. அது மெல்ல ஆறும். மறுபடி வந்தாலும் மறுபடி பாத்துக்குவோம்." கலியம்மாள் இன்னொரு செம்பு மொண்டாள். "புண்ணு இவ கையில மட்டுமா இருந்துச்சு? என் வாயிலயும் இருந்துச்சு. கொப்புளம் போட்டா ஆத்தான்னு கும்புடுறோம், நகம் போனா கொட்டகையில தள்ளுறோம். ரெண்டும் நோய்தான். வைஞ்சு ஆறுன நோய் எதுவும் இல்ல ரெங்கம்மா. பக்கத்துல உக்காந்தாத்தான் ஆறும்."

பிறகு சம்பந்தியைப் பார்த்துச் சொன்னாள்: "மாட்டை அவுத்துக் கட்டுங்க. பொங்கச் சீரு கொண்டாராம வெறும் வண்டியோட வந்து நின்னா, எம் மருமவளுக்கு மரியாதையா?"