தன்யாவின் நெஞ்சில் கேட்ட சத்தம்

பள்ளி மருத்துவச் சோதனை நாளில் அறையில் இருந்தவர்கள்: ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த இளம் டாக்டர், ஒரு நர்ஸ், பெற்றோர் சங்கத்தின் சார்பில் நாற்காலியில் சுனிதா அக்கா, எடை மெஷினிலிருந்து இறங்கி நின்ற என் தங்கை தன்யா.

ஆண் டாக்டர் பெண்பிள்ளைகளைச் சோதிக்கும்போது ஓர் அம்மா கூட இருக்க வேண்டும் என்பது தன்யா படிக்கும் பள்ளியின் ஏற்பாடு. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு. இந்த வருடம் அந்த அம்மா சுனிதா அக்கா. அவள் மகள் லட்சுமிப்ரியா நானூறு மீட்டர் ஓட்டத்தில் எப்போதும் தன்யாவுக்குப் பின்னால் வருகிறவள். மாவட்டப் போட்டிக்கு ஒருத்திதான் போக முடியும்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "சின்னதா ஒரு சத்தம் கேக்குது. பயப்பட ஒண்ணும் இருக்காது. எதுக்கும் ஒரு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க" என்றார். தன்யா வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னாள். ஊருக்குள் போனது வேறு.

மறுநாள் கருங்கல் சந்தையில் மீன் வாங்கப் போன அம்மாவிடம் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "பிள்ளைக்கு நெஞ்சுல ஓட்டையாமே மைனி? இதையும் வச்சிட்டா ஓட விட்டிய?"

அம்மா மீன் வாங்காமல் திரும்பிவிட்டாள்.

எனக்கு மார்த்தாண்டத்தில் பார்சல் ஆபீசில் ராத்திரி வேலை. அது முடிந்த கையோடு தன்யாவை நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போனேன். இருதய டாக்டர் எக்கோ பார்த்தார். வளருகிற பிள்ளைகள் பலருக்கு இப்படிக் கேட்கும், நோய் இல்லை, தாராளமாக ஓடலாம் என்று சொல்லி, எழுதியும் கொடுத்தார்.

பஸ்ஸில் தன்யா கேட்டாள்: "அண்ணா, இனி ஜாஸ்பர் சார் ஓட வேண்டாம்னு சொல்ல மாட்டாருல்லா?"

"ஓடலாம்னு டாக்டரே எழுதியாச்சு. என்னை மாதிரி காலேஜை விட்டு ஓடினாத்தான் ஏசுவாவ."

அவள் வெகுநேரம் சிரித்தாள்.

பள்ளியின் விளையாட்டு அறையில் பி.டி. மாஸ்டர் ஜாஸ்பர் சாரோடு சுனிதா அக்காவும் லட்சுமிப்ரியாவும் இருந்தார்கள். சார் டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே தந்தார்.

"எனக்கு மனசிலாச்சு மக்கா. கரெஸ்பாண்டன்ட் சம்மதிக்கல்ல. கிரவுண்டுல வச்சு ஏதாவது ஆச்சுன்னா ஸ்கூலத்தான் கேப்பாவ."

"ஒண்ணும் ஆகாதுன்னுதானே சார் எழுதியிருக்கு?"

"ஊருல எல்லாருக்கும் இதக் காட்டிட்டு நடக்க முடியுமா? பேரண்ட்ஸ் போன் மேல போன் போடுகாவ."

நான் சுனிதா அக்காவிடம் திரும்பினேன். "ஓட்டைன்னு டாக்டரா அக்கா சொன்னாரு?"

"நான் என்ன டாக்டருக்கா படிச்சேன்? சத்தம் கேக்குன்னா ஓட்டைன்னுதான் நினைச்சேன். பிள்ளைக்க நல்லதுக்குத்தான் நாலு பேருட்ட சொன்னேன். இவளும் எனக்கு லட்சுமிப்ரியா மாதிரிதான்."

"அப்ப லட்சுமிப்ரியாவப் பத்தியும் நாலு பேருட்ட சொல்லுவியளா?"



"சார், இப்பமே இவகூட ஓடிக் காட்டட்டா?" என்றாள் தன்யா. லட்சுமிப்ரியா தரையைப் பார்த்தாள்.

"ஸ்கூல் ஜெர்சியக் குடுத்திரு மக்கா" என்றார் சார். "வேற இல்ல."

தன்யா பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அளவு சரியா இருக்கான்னு லட்சுமிப்ரியா போட்டுப் பாக்கட்டும். எல்லாரும் கொஞ்சம் வெளியே நில்லுங்கோ" என்றாள் சுனிதா அக்கா.

சார் முதலில் வெளியேறினார். பிறகு நான். கடைசியாகத் தன்யா வாசலைத் தாண்டியதும் சுனிதா அக்கா கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.