பெயர் ஒட்டாத இரண்டு குழாய்கள்

இரண்டு எண்களும் வந்தபோது மணி ஒன்பதரை. ஒன்றில் சர்க்கரை தொண்ணூற்றாறு. இன்னொன்றில் இருநூற்று எண்பது.

சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ரத்தம் எடுக்கும் முன்பே குழாயில் பெயர் ஒட்ட வேண்டும். அன்று கூட்டம். வெறும் வயிற்றோடு வந்த பேச்சிக்கும் மாரிசெல்விக்கும் அடுத்தடுத்து எடுத்து, இரண்டு குழாயையும் கோட்டுப் பையில் போட்டுவிட்டேன். ஒட்டும்போது எது யாருடையது என்று நினைவில்லை. குத்துமதிப்பாக ஒட்டினேன். பேச்சி பெயரில் இருநூற்று எண்பது. அவர் அதற்குள் ராயகிரி பஸ் ஏறியிருந்தார்.

செல்வக்கனி அக்காவிடம் சொன்னேன். நிலையம் அவருடையது. எங்கள் திருச்சபைக்காரர். வேலை தேடி அலைந்த என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர்.

அக்கா கதவைச் சாத்தினார். "ஒட்டினது சரியாக்கூட இருக்கலாம்லா?"

"பாதிக்குப் பாதி, அக்கா."

"பெறவு என்னட்டி? எதுத்தாப்புல புது லேப் வந்திருக்கு. இந்தக் கதை வெளிய போச்சுன்னா இங்கன ஈ கூட வராது."

மேசையில் வாக்குத்தத்தப் பெட்டி இருந்தது. சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பைபிள் வசனம். எதையும் முடிவு செய்யுமுன் கண்ணை மூடி ஒன்றை எடுப்பது அக்காவின் வழக்கம். மெஷின் வாங்கியதும் அப்படித்தான். இப்போதும் எடுத்தார். பயப்படாதே என்று இருந்தது.

"பாத்தியா? ஆண்டவரே சொல்லிட்டாரு. இது உனக்கு அவர் வச்ச சோதனை. ஜெபம் பண்ணிட்டுப் பேசாம இரி."

வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்க வந்த சாத்தான் நினைவுக்கு வந்தான். ஆலயத்தின் உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று அவன் சொன்னதும் வசனம்தான். வசனத்தில் பொய்யில்லை. அதைக் காட்டிக் குதிக்கச் சொன்னதுதான் வஞ்சனை.

ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் நாங்கள் சோதிக்கிறோம். எனக்குள் என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத் தெரியாதா? தெரியாமல் இருந்தது எனக்குத்தான். இப்போது தெரிந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. நல்ல பெயர் மேல் ஆசை இருந்தது. மறைக்கத் தூண்டியவை அவைதான், கடவுள் இல்லை.

"ஆண்டவர் வச்சதில்ல அக்கா. நான் பண்ணினது. ரெண்டு பேரையும் கூப்பிடுதேன்."

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"கூப்பிட்டா நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்."

"சரி. அவங்களுக்கு ரத்தம் எடுக்க மட்டும் வாரேன். இந்த ரிப்போர்ட்ட நம்பி, சர்க்கரை இல்லாதவங்க மாத்திரை போட்டா மயங்கி விழுவாங்க."

வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். இனி மறைக்க வழி இருக்கக் கூடாது என்று அவர்கள் காதில் விழத்தான் போனில் பேசினேன். மாரிசெல்வி உள்ளூர், காலையில் வருவதாகச் சொன்னார்.

"பேச்சியம்மா, லேப்ல இருந்து பேசுதேன். உங்க ரத்தம் எது, இன்னொருத்தர் ரத்தம் எதுன்னு தெரியாமப் போச்சு. தப்பு என்னுது. நாளைக்கு மறுபடி எடுக்கணும்."

"கூறு இருக்காட்டி உனக்கு? நாளைக்கு எனக்கு நடவு. கூலிய உங்க அப்பனா தருவான்?"

"நான் அங்கன வாரேன். எத்தன மணிக்கு வயலுக்குப் போவீங்க?"

"ஆறு."

"அஞ்சரைக்கு வாரேன். ஒண்ணும் சாப்பிடாம இருங்க."

"காப்பி?"

"கூடாது."

"விளங்கும்!" என்று வைத்துவிட்டார்.

காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து எதிரில் உள்ள புது லேபுக்குப் போனார். அக்கா அவரையும் என்னையும் பார்த்தார். சாயங்காலம் நிலையத்தைப் பூட்டும்போது தன் வண்டிச் சாவியை நீட்டினார்.

"அந்நேரத்துல பஸ்ஸ நம்பாத. மெதுவா ஓட்டு."

மறுநாள் பேச்சி வாசலிலேயே கையை நீட்டினார். காப்பி இல்லாத கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாரிசெல்வியும் நிலையத்துக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

எட்டரைக்கு முடிவு வந்தது. பேச்சிக்கு இருநூற்று எழுபத்து நான்கு. மாரிசெல்விக்குத் தொண்ணூற்று எட்டு. முந்தின நாள் நான் ஒட்டியது சரியாகவே இருந்திருக்கிறது.

"நான் அப்பவே சொன்னேன்லா?" என்றார் அக்கா.

"சொன்னீங்க. ஆனா அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாது, அக்கா."

அக்கா பேச்சியின் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"நிக்காத. வெளிய ஆள் இருக்கு, அடுத்தவங்கள வரச் சொல்லு."