ஷௌகத் அலியின் வாக்கு

1

ஒரு திருடனைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நகரசபை உறுப்பினர், குடிநீர்க் குழுத் தலைவர், கூடவே படகில் குடிநீர் கொண்டுவந்து விற்கும் மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். இப்படி ஒருவரை 1958-ம் வருஷத்துக் கொச்சி மட்டாஞ்சேரியில் நிறுத்திவிட்டால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். (சபை நான் கற்பனையில் கட்டியது. நிஜமான பதிவேடுகளில் தேட வேண்டாம்.)

முதல் வாக்கியம் இது: "ஏழைகளின் தாகத்தை விற்றுக் கொழுத்த ஷௌகத் அலி..."

அடித்துவிட்டேன். அவர் கொழுக்கவில்லை. வயிற்றுப்புண்காரர், மெலிந்த உடம்பு. மட்டாஞ்சேரியின் கொச்சங்காடிப் பகுதியில் மாயம்மாள் என்பவள் வீட்டில் பேதி கண்டபோது ஒரு வாரம் வள்ளத்து நீரைச் சும்மா கொடுத்தவர். திருடன் கையைவிட்டுப் போய்விட்டான்.

2

கொச்சங்காடிக்குக் குழாய் போட ஒரு தீர்மானம் வந்தது. குழாய் வந்தால் வள்ளங்கள் கரையேற வேண்டியதுதான். வள்ளங்களை மனைவி ஜுமைலா பேருக்கு மாற்றிவிட்டால், தான் எதிர்த்துக் கை தூக்கினாலும் யாரும் வாய் திறக்க முடியாது என்று ஷௌகத் அலிக்குத் தோன்றியது. பத்திரத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக்கு அவளிடம் நீட்டினார்.

"இதுல ஒரு ஒப்புப் போட்டா மதி, ஜுமைலா."

அவள் மீன் நறுக்குவதை நிறுத்தவில்லை. "என் பேருக்கு மாத்தினா, வள்ளம் வேற வீட்டுக்கா சோறு போடும், மச்சான்?"

"எல்லாரும் செய்யறதுதானே."

"அப்ப வித்துருங்க."

"வாப்பா வச்சிட்டுப் போனது. எப்படி விக்கிறது?"

(இந்த இடத்தில் ஜுமைலாவுக்கு ஒரு நீண்ட பேச்சு எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் பேசியது நான். எடுத்துவிட்டேன்.)

3

சபையில் பதினைந்து பேர். தீர்மானம் வந்ததும் ஷௌகத் அலி எழுந்தார். "எனக்கு இதில் வள்ளம் உண்டு. நான் கை தூக்குவது முறையல்ல" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சிலர் மேசையைத் தட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன்.

கைகளை எண்ணினார்கள். ஏழுக்கு ஏழு. சமமானால் தீர்மானம் விழும், விழுந்தது. அவர் உள்ளே இருந்து குழாய்க்குக் கை தூக்கியிருந்தால் வென்றிருக்கும்.

வராந்தாவில் செய்தி கேட்டதும் அவருக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி வந்துவிட்டதே என்று பிறகு கூச்சமாகவும் இருந்தது. மூன்று வள்ளங்களும் இன்னும் நான்கு வருஷம் ஓடின.

4

ஒரு முடிவில் அவர் வள்ளங்களை விற்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, நம்பத்தான் முடியவில்லை. இன்னொன்றில் கொச்சங்காடியில் மறுபடி பேதி வந்து ஒரு குழந்தை... வேண்டாம். அவரைத் தண்டிக்க ஒரு குழந்தையைக் கொல்ல எனக்கு மனமில்லை.

நடந்தது இவ்வளவுதான். மறுநாள் காலை ஜுமைலா கேட்டாள்:

"எழுந்திரிக்கும்போதே ஆள எண்ணிட்டீங்களா, மச்சான்?"

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போய், மற்ற பெண்களோடு வரிசையில் நின்று, தன் வீட்டு வள்ளத்துக்கே காசை நீட்டினாள். வள்ளக்கார முஹம்மது வாங்கத் தயங்கினான். அவள் கையை மடக்கவில்லை.

அவர் எண்ணினாரா என்று எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷம் சபையில் இருந்தவர், கணக்குத் தெரியாதவர் அல்ல. கை தூக்குவது முறையல்ல என்று அவர் சொன்னதும் பொய் அல்ல. ஜுமைலா திரும்பி வருவதற்குள் நீங்கள் ஒரு பதில் வைத்திருங்கள். அவள் இன்னொரு முறை கேட்கமாட்டாள்.