உச்சந்தலையில் தெரிந்த மாப்பிள்ளை

மகளை ஒரு தடவை பார்க்க ஒரு பேட்டரி ஆகும். ட்ரோன் பழசு, கைமாறி வந்தது. நாற்பத்தெட்டாயிரம் என்றவனை மடக்கி நாற்பத்தோராயிரத்துக்கு முடித்தார் பாத்திரக்கடைக்காரர். பெற்ற மகளின் முகத்துக்கு இதுதான் அடக்க விலை என்று வீட்டில் வந்து சொன்னார். "முகமா? உச்சந்தலைதானே தெரியுது" என்றாள் மனைவி. விற்கிறவன் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ளாத குடும்பம் அது.

மகள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை விரும்பினாள். பெட்டிக்குள் நின்று மேலேயும் கீழேயும் போய் வருகிறவனுக்குப் பெண்ணா என்று கேட்டார் அப்பா. பையனை நேரில் பார்க்கக்கூட அவர் ஒப்பவில்லை. தரகர் ஒருவர் கையில் கவர் கொடுத்து, விலகிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். கவர் பிரிக்காமலே திரும்பி வந்தது. வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் வெட்கப்பட்டிருப்பார்கள். இவர் தொகை பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கூட்டிப் போட்டு மறுபடி அனுப்பினார். இரண்டாவது தடவை தரகர் போனபோது மகளும் அங்கே இருந்தாள். அன்று சாயங்காலமே ஒரு பையோடு வீட்டைவிட்டுப் போனவள் திரும்பவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டாள்.

அவள் குடியிருப்பது பஸ் டிப்போவுக்குப் பின்னால், மூன்றாவது மாடியில் என்று ஒன்றரை வருஷம் கழித்துத் தெரிந்தது. வாசலில் போய் நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ட்ரோன் வந்தது அப்படித்தான். டிப்போவை ஒட்டி ஒரு காலி மனை உண்டு. ஞாயிறு காலையில் அங்கே நின்று பறக்கவிட்டால், மகள் மொட்டை மாடியில் துணி காயப்போடுவது தெரியும். சில நாள் அவனும் வருவான், தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பான். மேலிருந்து பார்த்தால் அவனுக்கு இரட்டைச் சுழி. ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு பெண்டாட்டி என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்து, மனைவி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

ட்ரோன் விடுகிறவனுக்குக் காற்றைவிடப் பெரிய தொல்லை மனிதர்கள். யாரைக் கேட்டுப் பறக்க விடுகிறாய், எங்கள் வீட்டுப் பெண்களைப் படம் பிடிக்கிறாயா, போலீசைக் கூப்பிடட்டுமா. ஆள்தான் மாறும், சரக்கு இதேதான். கடையில் கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளித்த கை அல்லவா, இதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் ட்ரோனைத் தரையில் இறக்கிவிட வேண்டும். அது தலைக்கு மேல் இரைந்துகொண்டிருக்கும்வரை எந்த நியாயமும் காதில் ஏறாது. அடுத்து, வந்தவரிடமே குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். தண்ணீர் கொடுத்த கை அவ்வளவு சீக்கிரம் ஓங்காது. பிறகு திரையை அவரிடமே கொடுத்துவிட வேண்டும்: மொட்டை மாடியில் விரிசல் பார்க்கிறேன், நீங்களே பாருங்கள், வேண்டாத படம் இருந்தால் நீங்களே அழித்துவிடுங்கள். பாதிப் பேர் சொந்த வீட்டை ஆகாயத்திலிருந்து பார்த்த பிரமிப்பில் சண்டையை மறந்துவிடுவார்கள். துடைப்பத்தோடு வந்த ஓர் அம்மாள், தன் மாடி விரிசலை அடைக்க முன்பணமே கொடுத்துவிட்டுப் போனாள். வேறு வழியில்லாமல் ஒரு கொத்தனாரைப் பிடித்து அந்த வேலையை முடித்துக்கொடுத்தார். கடைத்தெருவில் அவருக்கு 'ஒழுகல்' என்று பெயர் விழுந்தது அதற்குப் பிறகுதான்.

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சட்டைகள் தொங்கின. அவர்கள் தாத்தா பாட்டி ஆன சேதி அப்படித்தான் வந்தது. மனைவி படத்தைப் பெரிதாக்கி, சட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். குழந்தை மட்டும் மாடிக்கு வரவே இல்லை. வாராவாரம் சட்டைதான் வளர்ந்தது.

பிறகு ஒருநாள் வந்தது. மகள் தோளில் எதையோ சாய்த்துக்கொண்டு படியேறி வந்தாள். துணி மூட்டை இல்லை. வெயில் திரையில் பட்டுக் கண் கூசியது. வெள்ளைக் குல்லாய் ஒன்று புள்ளியாகத் தெரிந்தது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் மனைவியோடு உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விரல் ஓயாமல் படம் எடுத்தார். மகள் சட்டென்று அண்ணாந்து பார்த்தாள். குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள்.

சற்று நேரத்தில் ஒருவன் காலி மனைக்குள் ஓடி வந்தான். கையில் கிரீஸ் கறை. அதற்குள் ட்ரோன் தரைக்கு வந்திருந்தது. வழக்கப்படி குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"தண்ணியெல்லாம் இல்ல சார். என்ன எடுத்தீங்கன்னு காட்டுங்க."

திரையைக் கொடுத்தார். வெயில் மறைக்க அவன் குனிந்தான். கலைந்த முடிக்கு நடுவே இரண்டு சுழிகள். முகத்தைப் பார்த்திருந்தால் அவருக்கு யாரென்று தெரிந்திருக்காது.

"இவ என் வீட்டுக்காரி. இது என் கொழந்தை. எதுக்கு சார் எடுத்தீங்க?"

விரிசல் கதையைச் சொன்னார். நாக்கு பழக்கத்தில் தானே ஓடியது. அவன் நம்பவும் இல்லை, கத்தவும் இல்லை. களைத்துப்போனவன் மாதிரி பேசினான். மாசக்கணக்காக இது தலைக்கு மேல் சுற்றுகிறதாம். ராத்திரியில் அவளுக்குத் தூக்கம் இல்லையாம். ஜன்னலைத் திறக்க விடுவதில்லையாம்.

"அவ அப்பா ஆள் வெச்சுப் பாக்கறாருன்னு நெனைக்கறா சார். அவரு அப்படித்தான், எதுக்கும் ஆள் விட்டுத்தான் அனுப்புவாரு. மூஞ்சி எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. ஒரு போட்டோகூட எடுத்துட்டு வரல அவ."

"அவரே நேர்ல வந்து நின்னா?" கேட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"காலி பண்ணிட்டுப் போயிடுவோம். வேற ஊர்ல வீடு பாத்தாச்சு. நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கணும்."

தலைமுறையாகக் கடை வைத்த குடும்பம். போகாத சரக்கையெல்லாம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அவர் அன்று விற்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: தான் யாரோ ஒருவன் என்பதை.

"தம்பி, அப்படிப்பட்ட பெரிய மனுஷங்க யாரையும் எனக்குத் தெரியாது. உங்க தண்ணித் தொட்டிக்குப் பின்னால பாருங்க, ரெண்டடிக்கு விரிசல். மழைக்கு முன்னால அடைக்கச் சொல்லுங்க. கைக்கொழந்தை இருக்கற வீடு."

விரிசல் நிஜம். எத்தனையோ ஞாயிறாக அதைப் பார்த்துவிட்டு, சொல்ல வழியில்லாமல் வைத்திருந்தார். அவன் படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். தோள் இறங்கியது.

"அப்ப நெசமாவே இதானா உங்க வேலை, ஐயா?"

சாரிலிருந்து ஐயாவுக்கு வந்துவிட்டான். இன்னும் ஒரு படி ஏறினால் மாமா. ஏறவிட முடியாது.

அவனே எல்லாப் படங்களையும் அழித்தான். அழித்த படம் திரையின் குப்பைத்தொட்டியிலும் இருக்கும், ட்ரோனுக்குள்ளும் ஒரு நகல் தங்கும் என்று இவர்தான் எடுத்துச் சொன்னார். வாங்குகிறவனுக்குச் சந்தேகம் மிச்சம் இருந்தால் வியாபாரம் நிலைக்காது. பேரம் படிந்த பிறகு கொசுறு கேட்பதில் தப்பில்லை என்று தோன்றியது.

"பையனா தம்பி?"

"பொண்ணு."

"எத்தன மாசம்?"

"ஏழு. இன்னிக்குத்தான் வெயில் காட்ட மாடிக்குத் தூக்கிட்டு வந்தா." சொல்லும்போது முதல்முறையாகச் சிரித்தான். "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. அவகிட்ட போய்ச் சொல்றேன், வீடு மாத்த வேணாம்னு. நீங்க இனிமே இந்தப் பக்கம் விட மாட்டீங்கல்ல?"

"இந்தப் பக்கம் வேலை முடிஞ்சுது."

வீட்டில் மனைவி கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவள் அழவில்லை. யார் ஜாடை என்று கேட்டாள். தெரியாது என்றார்.

"அழிக்கறதுக்கு முன்னால ஒரு தரம் நல்லாப் பாத்திருக்கலாமே."

"பாத்திருந்தா அழிக்க விட்டிருக்க மாட்டேன்."

அவள் கண்ணாடியைக் கூட்டில் போட்டு மூடினாள். கடை இல்லாத நாளிலும் கணக்கை முடிக்காமல் எழுந்து அவருக்குப் பழக்கமில்லை. வரவு, பேத்தி ஒன்று, வயது ஏழு மாதம், ஜாடை தெரியாது. மகள் ஊரைவிட்டுப் போகவில்லை, அதுவும் வரவுதான். செலவு, எடுத்த படம் அத்தனையும், இனி வரும் ஞாயிற்றுக்கிழமைகளும். மகளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று, அது முழுசாகப் பாக்கி.